மைக் செட்காரரை முதலில் பாருங்கள்: கடற்கரை மேடைகளுக்கு வரும் புதுப் பேச்சாளர்களுக்கு

பேச்சைத் தொழிலாக எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் முதலில் வாங்குவது பனங்கற்கண்டு. அடுத்து அதிமதுரம். பிறகு யாராவது பாடகர் சொன்னார் என்று வால்மிளகு. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை நாட்டு மருந்துக் கடைகளில் இவை தாராளமாகக் கிடைக்கும். வேண்டாம் என்று நான் தடுப்பதில்லை. ஆனால் தொண்டை கட்டிக்கொண்டு வந்து நிற்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி வேறு: "நேற்று மேடையில் உங்கள் குரல் உங்கள் காதுக்குக் கேட்டதா?"

பெரும்பாலும் கேட்டிருக்காது. நோய் அங்கேதான் தொடங்குகிறது. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான். 1911இல் எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கண்டு எழுதியதால் அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கத்துகிறோம் என்பது கத்துபவருக்குத் தெரியாது. அடுத்த நாள் காலையில் தொண்டைதான் தெரிவிக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் மருந்தைவிட மைக்குக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பட்டிமன்றம், கோயில் சொற்பொழிவு, பள்ளிவாசல் பயான் (மார்க்கச் சொற்பொழிவு), தேவாலய மறையுரை, நிகழ்ச்சித் தொகுப்பு, சுற்றுலா வழிகாட்டல், மீன் ஏலம் என்று இந்தக் கரையில் வாயால் பிழைக்கும் யாருக்கும் இது பொருந்தும்.

தொடங்குமுன் ஒரு கணக்கு. குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல்நாண்களும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஆண்களுக்குச் சற்று நீளம், பெண்களுக்குச் சற்றுக் குறைவு. பேசும்போது ஆணின் நாண்கள் நொடிக்கு 100 முதல் 130 முறையும், பெண்ணின் நாண்கள் ஏறத்தாழ 200 முறையும் ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. ஒரு மணி நேரப் பேச்சில் பாதியை மூச்சுக்கும் இடைவெளிக்கும் கழித்துவிட்டாலும் ஒரு பெண் பேச்சாளரின் நாண்கள் மூன்று லட்சம் முறைக்கு மேல் மோதியிருக்கும். மெதுவாக மோதினால் அவை தாங்கும். கத்தும்போது ஒவ்வொரு மோதலும் அடியாக மாறுகிறது. பெண் பேச்சாளர்களும் ஆசிரியைகளும் குரல் கம்முகிறது என்று அதிகம் சொல்வதற்கு இந்த எண்ணிக்கையும் ஒரு காரணம்.

படி 1: உங்கள் இயல்பான குரலைக் கண்டுபிடியுங்கள்

பாட்டி கதை சொல்லும்போது "உம்" கொட்டிக் கேட்டிருப்பீர்கள். அந்த "உம்" எந்த உயரத்தில் தானாக வந்து விழுகிறதோ, அதை ஒட்டியதுதான் உங்கள் இயல்பான சுருதி. இப்போதே கொட்டிப் பாருங்கள். அதே உயரத்தில் நான்கு வரி பேசிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு நீங்கள் மேடையில் பேசிய பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் மேடையில் நீங்கள் வேறு யாருடைய குரலிலோ பேசுகிறீர்கள்.

இது நம் ஊரில் பரவலான வியாதி. பிரபலமான பேச்சாளர் ஒருவரின் கரகரத்த கனமான குரலைக் கேட்டுவிட்டு, இருபது வயதுப் பையன் தொண்டையை அழுத்தி அதைப் பிடிக்கப் பார்ப்பான். கம்பீரம் வேண்டும் என்று பெண்கள் சிலர் குரலைக் கீழே தள்ளுவார்கள். வேறு சிலர் வீரம் வேண்டும் என்று உச்சத்துக்கு ஏற்றி அங்கேயே நிறுத்திவிடுவார்கள். மூன்றும் தொண்டைக்குத் தண்டனை. கனம் என்பது இடைவெளியாலும் சொல்லழுத்தத்தாலும் வருவது. பாம்பனிலிருந்து மீனவர்களுக்காக ஒலிக்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியைச் சில நாட்கள் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசும் குரலும் கடல் தாண்டிப் போகும் என்பது விளங்கும்.

படி 2: தேதி கொடுக்கும்போதே சில கேள்விகள் கேளுங்கள்

விழாக் குழுவினர் தேதி கேட்டு அழைக்கும்போது சம்பளத்தைப் பேசிவிட்டுப் போனை வைத்துவிடாதீர்கள். திறந்த வெளியா, மண்டபமா? மேடை கடலைப் பார்த்தா, ஊரைப் பார்த்தா? என்னுடைய பேச்சு எத்தனை மணிக்கு? இந்த மூன்றாவது கேள்வி முக்கியம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, சிறப்பு அனுமதி பெற்ற நாட்களைத் தவிர, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கி கூடாது. ஏழு மணிக் கூட்டம் எட்டரைக்குத் தொடங்கி, பொன்னாடைகள் போர்த்தி முடிக்கவே ஒன்பதரை ஆகிவிட்டால், ஒரு மணி நேரப் பேச்சை அரை மணியில் விரட்டிப் பேசச் சொல்வார்கள். வேகம் கூடினால் மூச்சு குறையும். மூச்சு குறைந்தால் தொண்டை இறுகும். உரையின் அரை மணி வடிவம் ஒன்றையும் எப்போதும் கையில் வைத்திருங்கள்.

பெண்கள் இன்னொன்றையும் வெட்கப்படாமல் கேட்க வேண்டும்: கழிப்பறை வசதி உண்டா? அது இருக்காது என்ற பயத்தில் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் மேடையேறும் பேச்சாளர்கள் ஏராளம். நாக்கு ஒட்டிக்கொள்ள ஒரு மணி நேரம் பேசுவார்கள். மேடைக்குப் பக்கத்து வீடு ஒன்றில் ஏற்பாடு செய்துதர எந்த ஊரும் மறுக்காது, கேட்காததால்தான் செய்வதில்லை.

மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரை கோயில் திருவிழாக்கள், பள்ளி ஆண்டு விழாக்கள், பொதுக்கூட்டங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். அடுத்தடுத்த இரவுகளில் தேதி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பகலில் பள்ளிக்கூடத்தில் ஐந்து பிரிவேளை பேசிவிட்டு இரவில் மேடையேறும் ஆசிரியர், பகல் பேச்சையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் பேச்சாளர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள்தானே. விழா நாளன்று வகுப்பில் எழுத்து வேலை கொடுங்கள்; பிள்ளைகளை அடக்கக் குரலுக்குப் பதில் கைதட்டலைப் பயன்படுத்துங்கள்.

படி 3: அன்றைய தண்ணீரும் சாப்பாடும்

குடிக்கும் தண்ணீர் குரல்நாண்களைத் தொடுவதே இல்லை. தொட்டால் புரையேறிவிடும். அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, பிறகுதான் நாண்களின் மேலுள்ள மெல்லிய சளிப் படலத்துக்கு ஈரமாக வந்து சேர்கிறது. எனவே மேடையில் பாட்டிலைக் கவிழ்த்துக் குடிப்பது வாயை மட்டும் நனைக்கும். காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வர வேண்டும். சிறுநீர் வெளிர் நிறமாக இருந்தால் போதிய தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சிறுநீரகம், இதயம் தொடர்பான சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. ரமலான் மாதத்தில் தராவீஹ் தொழுகைக்குப் பின் பயான் செய்யும் ஆலிம்களுக்கு இது கொஞ்சம் கடினம். நோன்பு திறந்ததிலிருந்து சிறுகச் சிறுகக் குடிப்பதும், பொரித்த பண்டங்களுக்குக் கையை நீட்டுமுன் நோன்புக் கஞ்சியை நிறைவாகக் குடிப்பதும் உதவும்.

இனி பனங்கற்கண்டு வகையறா. இவை தொண்டையின் பின்சுவரை இதமாக்கும், எச்சில் ஊறச் செய்யும், இருமலை அடக்கும். அவ்வளவுதான், குரல்நாண் வரை எட்டாது. அதிமதுரத்தை நாள்தோறும் மெல்லும் பழக்கம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். அழுத்த மாத்திரை சாப்பிடும் மூத்த பேச்சாளர்கள் கவனிக்க வேண்டும். புதினாச் சத்து சேர்ந்த காரமான தொண்டை மிட்டாய்கள் குளிர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அவை மரத்துப்போகச் செய்வதால் வலி தெரியாமல் மேலும் கத்துவீர்கள். நாண்களை நேராகச் சென்று தொடுவது ஆவி ஒன்றுதான். தைலம் எதுவும் போடாத வெறும் சுடுதண்ணீர், பத்து நிமிடம், பொறுக்கும் சூடு போதும்.

குளிர்ந்த தண்ணீர் குரலைக் கெடுத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒத்துவருகிறவரைப் பார்த்துப் பதறாதீர்கள். பாலும் தயிரும் புதிதாகச் சளியை உண்டாக்குவதில்லை, ஆனால் சிலருக்கு எச்சிலைக் கெட்டியாக்கிச் செருமல் வரவைக்கும். மேடையேறும் மாலையில் அவற்றைத் தவிர்க்கலாம்.

உண்மையான வில்லன் கூட்டம் முடிந்தபின் வருகிறான். இரவு பதினொரு மணிக்குச் சுடச்சுடப் பரோட்டாவும் சால்னாவும், விழாக் குழுவின் அன்புத் தொல்லையோடு இரண்டாவது கரண்டியும்; அடுத்த அரை மணியில் பாயில் படுக்கை. படுத்த நிலையில் வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளையின் பின்பகுதியை நனைக்கும். நெஞ்சு எரியாமலேயே இது நடப்பதுண்டு. காலையில் கட்டிய குரல், தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பது போன்ற உணர்வு, ஓயாத செருமல் ஆகியவை இதன் அடையாளங்களாக இருக்கலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் எங்கள் பெருமைதான்; ஆனாலும் பேச்சு நாளன்று இரவு அது வேண்டாம். ஆறு மணிக்கே இட்லியோ இடியாப்பமோ சாப்பிட்டுவிட்டு, பேச்சுக்குப் பின் இரண்டு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் இருக்கட்டும்.

படி 4: மேடைக்குப் பின்னால் பத்து நிமிடம்

பாடகர்கள் சாதகம் செய்யாமல் மேடையேற மாட்டார்கள். பேச்சாளர்கள் காரை விட்டு இறங்கியதும் நேராக மைக்குக்குப் போகிறார்கள். முதலில் தோளையும் கழுத்தையும் மெல்லச் சுழற்றித் தளர்த்துங்கள். பிறகு வாயை மூடி, "உம்" கொட்டிய அதே உயரத்தில் "ம்" என்று நீட்டுங்கள். மூக்கைச் சுற்றியும் உதட்டிலும் அதிர்வு தெரிய வேண்டும். அடுத்து, சின்னப் பிள்ளைகள் பஸ் ஓட்டுவார்களே, அதுபோல உதட்டை அதிரவிட்டு "புர்ர்ர்" என்று ஓசை எழுப்பிக் கீழிருந்து மேலும், மேலிருந்து கீழுமாக ஏற்றி இறக்குங்கள்.

எல்லாவற்றிலும் பயனுள்ளது ஸ்ட்ரா பயிற்சி. இளநீர்க் கடை ஸ்ட்ரா ஒன்றும் பாதித் தண்ணீர் உள்ள பாட்டிலும் போதும். ஸ்ட்ராவின் நுனி தண்ணீருக்குள் இரண்டு விரல் ஆழம் இருக்கட்டும். அதன் வழியாக "ஊ" என்று ஒலி எழுப்புங்கள். குமிழிகள் ஒரே சீராக வர வேண்டும். கன்னம் உப்பலாம், கழுத்து இறுகக் கூடாது. வாயின் முனையை இப்படிக் குறுக்கும்போது காற்றின் எதிரழுத்தம் பின்னோக்கி வந்து, நாண்கள் கடுமையாக மோதாமல் அதிர வழிசெய்கிறது. உலகெங்கும் குரல் சிகிச்சையாளர்கள் சொல்லிக்கொடுக்கும் முறை இது. மூன்று நிமிடம் செய்தால் போதும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், காருக்குள் உட்கார்ந்து செய்யுங்கள்.

விடியற்காலையில் மீன் இறங்குதளத்தில் ஏலம் கூறுபவர்களுக்கு இந்தப் பயிற்சி இன்னும் அவசியம். தூங்கி எழுந்த குரலோடு, முதல் கூடைக்கே உச்சத்தில் கத்தத் தொடங்குபவர்கள் அவர்கள்தான்.

படி 5: மைக் செட்காரர்

இவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தலைவருக்குப் பொன்னாடை போர்த்துமுன் இவருக்கு ஒரு வணக்கம் வையுங்கள். கூட்டம் தொடங்க அரை மணி முன்னதாக வந்து, "அண்ணே, எனக்கு என் குரல் கேட்க வேண்டும், மேடையைப் பார்த்து ஒரு பெட்டி வைத்துத் தர முடியுமா?" என்று கேளுங்கள். பேச்சாளரை நோக்கி வைக்கும் அந்த மானிட்டர் பெட்டி உங்கள் குரலுக்குச் செய்யும் நன்மையை எந்தக் கஷாயமும் செய்யாது. இசைக் கச்சேரி என்றால் கேட்காமலே வைப்பார்கள். பேச்சாளர் கேட்பதில்லை என்பதால் வண்டியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

தெரு நெடுகிலும் ஒலிபெருக்கி கட்டும் ஊர்களில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. எழுபது மீட்டர் தள்ளிக் கம்பத்தில் கட்டிய கூம்பிலிருந்து உங்கள் சொல் உங்களுக்கே திரும்பி வர ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். பேச்சைத் தடுமாற வைப்பதற்கு மிகவும் கெட்டிக்கார இடைவெளி அதுதான். நாக்கு குழறும், சொல்லை இழுப்பீர்கள், அந்த எதிரொலியை வெல்லக் கத்துவீர்கள். அருகிலுள்ள மானிட்டர் அந்தத் தாமத ஒலியை மூடிவிடும். மானிட்டர் கிடைக்காவிட்டால் வேகத்தைக் குறைத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திப் பேசுங்கள்.

மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது? வாயிலிருந்து நான்கு விரல் முதல் ஆறு விரல் வரை. தூரம் இரண்டு மடங்கானால் மைக்கில் விழும் ஒலியழுத்தம் பாதியாகிவிடும். போடியத்தில் எழுந்து நின்று, மைக்கை நெஞ்சளவில் விட்டுவிட்டு, "கேட்கிறதா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்துபவர்களை வாரந்தோறும் பார்க்கலாம். மைக் தண்டை உயர்த்த மூன்று நொடி ஆகும். கூட்டம் காத்திருக்கும். கையில் பிடிக்கும் மைக்கின் தலையை விரல்களால் பொத்தாதீர்கள். பின்புறத்து ஒலியைத் தடுப்பதற்காக அமைந்த துளைகள் அடைபட்டு, மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும். உடனே "கீ" என்று ஊளையிடும். ஊளை வந்தால் மைக் செட்காரர் ஒலியைக் குறைப்பார், குறைத்தால் நீங்கள் கத்துவீர்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகள் மைக்குக்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டுமே தவிர, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது.

கடற்காற்று மைக்கில் "பட பட" என்று அடிக்கும். பஞ்சுக் குல்லாய் போடச் சொல்லுங்கள். மிக்ஸரில் அடிக்கட்டை ஒலியையும் குறைக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் மேடைக்குப் பின்னாலேயே நின்றால் அதன் இரைச்சலும் டீசல் புகையும் உங்கள் பங்கு. தள்ளி வைக்கக் கம்பி வயர் போதாது என்பார்கள். தேதி பேசும்போதே சொல்லியிருந்தால் வயர் வந்திருக்கும். மணல் மைதானம் என்றால் மாலையில் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். கரிமூட்டம் போடும் ஊர்ப்புறங்களில் புகை வரும் திசையைத் தவிர்த்து மேடை போடச் சொல்லும் உரிமை, பத்து வருடம் பேசியவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் உண்டு. மழைக்காலத்தில் விளக்குக்கு வரும் ஈசலைப் பற்றி ஒன்றும் செய்வதற்கில்லை. விளக்கை முகத்துக்கு நேரே கட்டாமல் பக்கவாட்டில் கட்டச் சொல்லலாம், அவ்வளவுதான்.

படி 6: பேசும்போது

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வந்து நிற்கிறது. பேச்சாளரின் மூச்சும் அங்கேதான் தீர்கிறது. சொல்ல வந்ததன் உயிரான சொல்லை மிச்சமிருக்கும் காற்றைப் பிழிந்து சொல்ல வேண்டியிருக்கிறது. தொண்டை நரம்பு புடைப்பது அந்த இடத்தில்தான். ஆகவே வாக்கியத்தைச் சிறிதாக்குங்கள். வினைமுற்றுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கேட்பவருக்கு அது எதிர்பார்ப்பாகத்தான் தெரியும். மேடையில் இருக்கும் பதினெட்டுப் பேரையும் பட்டத்தோடு விளிக்கும் சடங்கை ஒரே மூச்சில் முடிக்க முயன்று, உரை தொடங்குமுன்பே களைத்துப்போகிறவர்கள் உண்டு. மூன்று மூன்று பேராகப் பிரித்து மூச்செடுத்து அழையுங்கள். இல்லாவிட்டால் "மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே" என்று துணிந்து முடித்துவிடுங்கள். கோபிப்பவர் எப்படியும் கோபிப்பார்.

கைதட்டலுக்கு மேல் பேசாதீர்கள். வெடி வெடித்தால், குழந்தை அழுதால், கோயில் மணி அடித்தால் நிறுத்துங்கள். கீழக்கரை, தொண்டி, பாம்பன் போன்ற ஊர்களில் பாங்கு ஒலிக்கும்போது மேடைப் பேச்சை நிறுத்துவது மரியாதை. அந்த இரண்டு மூன்று நிமிடம் குரலுக்கும் ஓய்வு. ஒரு வாய் தண்ணீர் குடிக்க நல்ல சமயம்.

செருமும் பழக்கத்தை விடுங்கள். ஒவ்வொரு செருமலும் நாண்களை ஓங்கி மோதவிடுகிறது. வீக்கம் வரும், சளி சுரக்கும், மறுபடி செருமத் தோன்றும். செருமத் தோன்றும்போது எச்சிலை விழுங்குங்கள், அல்லது ஓசையில்லாமல் "ஹ்" என்று காற்றை வெளியே தள்ளுங்கள்.

மைக் இல்லாத இடங்களுக்கு வேறு தந்திரம் வேண்டும். தனுஷ்கோடியிலும் அரிச்சல்முனையிலும் வழிகாட்டியாக நிற்பவர்கள் காற்றைத் தோழனாக்கிக்கொள்ள வேண்டும். தரையருகே காற்றின் வேகம் குறைவு, மேலே போகப் போகக் கூடுதல். அதனால் காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து ஆட்களின் தலைக்கு மேலே போய்விடும். காற்றோடு போகும் ஒலி கீழ்நோக்கி வளைந்து காதில் விழும். கச்சான் அடித்தாலும் கொண்டல் அடித்தாலும் வாடை அடித்தாலும் விதி ஒன்றே: காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், கூட்டத்தை உங்கள் முன்னால் நிறுத்துங்கள். உப்புக் காற்றும் மணலும் வாய்க்குள் போகாது என்பது இதில் கிடைக்கும் உபரி. வேனுக்குள்ளேயே 1964 புயலின் கதையை முழுதாகச் சொல்லிவிட்டு, இறங்கியதும் இடங்களை மட்டும் கைகாட்டுவது இன்னும் புத்திசாலித்தனம். தொடர்ந்து இந்தத் தொழிலில் இருப்பதென்றால் இடுப்பில் கட்டும் சிறிய ஒலிபெருக்கி ஒன்று வாங்கிவிடுங்கள்.

ராமேஸ்வரம் கோயிலின் 1212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிராகாரத்தில் நேர்மாறான நிலைமை. அங்கே காற்றில்லை, கல் உண்டு. கல் ஒலியைத் திருப்பித் திருப்பி எறியும். நீங்கள் குரலை உயர்த்த உயர்த்தச் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பும். ஆட்களை நெருக்கி நிறுத்தி, தாழ்ந்த குரலில், சொல்லுக்குச் சொல் விட்டுப் பேசினால் கடைசி ஆளுக்கும் தெளிவாகக் கேட்கும்.

படி 7: கூட்டம் முடிந்த பிறகு

பேச்சு முடிந்ததும் கீழே இறங்கிவருவீர்கள். ஒலிபெருக்கியில் பாட்டு அலறும். அதற்குக் கீழே நின்றுகொண்டு நாற்பது பேருக்கு நன்றி சொல்வீர்கள், படம் எடுத்துக்கொள்வீர்கள். பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வரை சுமார் 55 கிலோமீட்டர் பஸ்ஸில், ஜன்னல் காற்றுக்கும் இன்ஜின் சத்தத்துக்கும் மேலே குரலை உயர்த்தி, கூட்டம் எப்படி நடந்தது என்று வீட்டுக்குப் போனில் விவரிப்பீர்கள். மேடையில் மைக் சுமந்த பாரத்தை இப்போது தொண்டை தனியாகச் சுமக்கிறது. பலருக்குக் குரல் கெடுவது இந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

மேடையை விட்டு இறங்கியதும் "ம்" ஒலியை மேலிருந்து கீழாக இறக்கி மூன்று நிமிடம் செய்யுங்கள். கைகூப்பிச் சிரித்தாலே நன்றி போய்ச் சேரும். பஸ்ஸில் வாயைத் திறக்காதீர்கள். வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி போதும். இதற்குப் பதிலாகக் கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வாகாது. பலர் கிசுகிசுக்கும்போது குரல்வளையை அழுத்திப் பிடிப்பதால் இயல்பாக மெதுவாகப் பேசுவதைவிட அதிகச் சிரமம் உண்டாகிறது.

படி 8: தொண்டை கட்டிவிட்டால்

சளி, காய்ச்சலோடு வரும் குரல்கட்டு பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது. ஓய்வும் தண்ணீரும் ஆவியும் நாட்களும்தான் மருந்து. சளிக்குக் கடையில் வாங்கும் அலர்ஜி மாத்திரைகள் மூக்கோடு சேர்த்துத் தொண்டையையும் வறளவைக்கும். வலி தெரியாமல் இருக்க ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு மேடையேறுவது ஆபத்து. வீங்கிய நாணில் ரத்தக் கசிவு ஏற்பட அது வழிவகுக்கும். "ஒரு ஊசி போட்டால் இன்றைக்குப் பேசிவிடலாம்" என்று யாராவது ஸ்டீராய்டு ஊசிக்கு அழைத்துப் போனால், காது மூக்கு தொண்டை மருத்துவர் நாண்களைப் பார்த்து முடிவு சொல்லாமல் சம்மதிக்காதீர்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

நிகழ்ச்சியை ரத்து செய்வது புதியவர்களுக்கு உயிர் போகும் விஷயம். ஊர் மறுபடி கூப்பிடாது என்ற பயம். காலையிலேயே சொல்லி, உங்களுக்குப் பதில் பேச ஒருவரையும் ஏற்பாடு செய்து கொடுத்தால் எந்த ஊரும் பகைக்காது. மாலை ஆறு மணிக்குக் கம்மிய குரலில் சொன்னால்தான் பகை. மாற்றி மாற்றி உதவிக்கொள்ளும் இரண்டு மூன்று பேச்சாளர் நண்பர்களை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உரக்கப் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று அறுந்துபோனால் அந்த நொடியே நிறுத்துங்கள். நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம். மருத்துவர் பார்க்கும்வரை ஒரு சொல்லும் பேசக் கூடாது, எழுதிக் காட்டுங்கள்.

சளி இல்லாமலோ, சளி போன பின்போ மூன்று வாரத்துக்கு மேல் குரல் கட்டியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். விழுங்கும்போது வலி, மூச்சுத் திணறல், கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். பீடி, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை, குட்கா பழக்கம் உள்ளவர்களும் அப்படியே. ராமநாதபுரத்தில் 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் பார்க்க வேண்டுமானால் மதுரை. டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தால் குரல்நாண் தெரியாது. வளைந்த கண்ணாடியோ மெல்லிய கேமராக் குழாயோ வைத்துப் பார்க்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறுங்கள்.

கத்திக் கத்திப் பேசுபவர்களுக்கு வருவது பெரும்பாலும் நாண் முடிச்சு. இரண்டு நாண்களும் அதிகம் மோதும் இடத்தில், எதிரெதிராகக் காய்ப்பு விழுந்தாற்போல் தடிக்கும். பயந்துவிடாதீர்கள், இது புற்றுநோயாக மாறுவதில்லை. பெரும்பாலும் பேச்சு சிகிச்சையாளரிடம் குரல் பயிற்சி எடுத்தாலே கரையும், கத்தி தேவைப்படாது. பயிற்சி சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீளும். மருத்துவரிடம் போகும்போது எப்போதிருந்து கட்டியிருக்கிறது, வாரத்தில் எத்தனை மணி நேரம் பேசுகிறீர்கள், மைக் உண்டா இல்லையா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கெட்டிருக்கும் குரலில் அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். சிகிச்சை நடக்கும் வாரங்களில் தேதி கேட்டு வரும் போன்களை வீட்டில் வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்தால் சரி என்று சொல்லிவிடுவீர்கள்.